புண்ணோனும் ஏமச் சுற்றமும்

தொல்காப்பியக் காஞ்சித்திணைத் துறைகளை முதுகலை வகுப்பிற் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், திருவொற்றியூரைச் சார்ந்த மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். தொடாக்காஞ்சியில் புண்பட்ட கணவனைப் பேய் அணுகாது மனைவி காக்கின்றாள். மறக்காஞ்சியில் புண்பட்டவன் தன் புண்ணைத் தானே கிழித்து உயிர் நீக்கின்றான். இவ்விரண்டிற்கும் இடையே, காக்கப்படுதலை வேண்டாதவனாய், ஆயினும் கையும் எழாது நாவும் எழாது கிடப்பவன் எத்துறையின்பாற்படுவான் என்பது அவ்வினா. விளையாட்டாகக் கேட்டதன்று. அவர்தம் உறவினர் ஒருவர் மருத்துவமனையில் நினைவிழந்து, மூச்சுக் கருவியின் துணையால் கிடந்த நாட்கள் அவை என்பதைப் பின்னரே அறிந்தேன். கருவியை நீக்கலாமா என மருத்துவர் கேட்க, வீட்டார் நால்வரும் நால்வேறு விடை கூறினர் என்றும் அம்மாணவர் சொன்னார்.

அன்று வகுப்பில் விடை கூறாது விட்டேன். இக்கட்டுரை அதற்குச் செலுத்தும் கடன்.

தொடக்கத்தே ஓர் ஐயத்தை அகற்றிவிடுதல் நன்று. இற்றை மருத்துவ அறத்தைச் சங்க நூலில் தேடி எடுத்துப் பெருமை பேசுதல் என் நோக்கமன்று. மூச்சுக் கருவி அறியாத காலத்துப் புலவர் மூச்சுக் கருவிக்கு விதி வகுத்திரார். ஆயின், சாவின் வாயிலிற் கிடப்பவனைச் சூழ்ந்து நிற்பவர் யாவர், அவருள் யார்க்கு என்ன உரிமை என்பதை நம் இலக்கண நூலார் கூர்ந்து நோக்கிப் பாகுபடுத்தியுள்ளனர். அப்பாகுபாடு இன்றைய வழக்கினை எண்ணுதற்கு உதவுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தொல்காப்பியனார் புண்பட்டோனைப் பற்றி மூன்று நிலை கூறுகின்றார். தானே புண் கிழித்து மாய்தல் ஒன்று. மனைவி அருகிருந்து பேயைக் கடிதல் மற்றொன்று. காக்குஞ் சுற்றம் ஒருவரும் இல்லாதவழிப் பேயே அவனைக் காத்து நிற்றல் மூன்றாவது. இம்மூன்றாம் நிலையைக் கூறுமிடத்து, ஏமச் சுற்றம் இல்லாமையை ஆசிரியர் வெளிப்படச் சொல்லியிருத்தல் கருதத்தக்கது. பேய் வருதற்குக் காரணம் புண் மட்டும் அன்று. தனிமையும் ஆம் என்பது இதனாற் பெறப்படும்.

புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார் இதனை மேலும் பகுக்கின்றார். வீழ்ந்தவனைப் பிரியாது காக்கும் பேயினைப் பேய்நிலை எனவும், அவனை அச்சுறுத்தும் பேயினைப் பேய்க்காஞ்சி எனவும் வேறாக்கினார். தொடாக்காஞ்சியோடு தொட்டகாஞ்சி என்றும் ஒரு துறை வைத்தார். மனையில் காவல் இருக்கவும் பேய் வந்து புண்ணைத் தொட்டுவிடுதல் அது. காவல் தவறாமல் இருந்தும் காக்க இயலாமற் போகும் நிலை உண்டு என்பதை ஓர் இலக்கண நூல் தனித் துறையாக ஏற்றுக்கொண்டமை எனக்கு வியப்பளிப்பது. மருத்துவம் தோற்றபின்னும் 'இன்னுஞ் சிறிது முயன்றிருக்கலாமோ' எனத் தம்மையே நொந்துகொள்ளும் உறவினர்க்கு இத்துறை ஓர் ஆறுதல் என்று கூடச் சொல்லலாம்.

இத்துறைகளுக்குப் பொதுவாக உள்ளதொரு வரையறையை உரையாசிரியர்கள் தனித்து எடுத்துக் காட்டவில்லை. முடித்துக்கொள்ளும் செயல் புண்பட்டவனுக்கே உரியதாகக் கூறப்பட்டுள்ளது. மனைவிக்கோ காத்தல் உரியது. முடித்தல் யாண்டும் கூறப்படவில்லை. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281-ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. இரவந்தழையும் வேம்பும் மனையிற் செருகி, இசைக்கருவி முழக்கி, ஐயவி சிதறி, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பிப் புண்பட்ட தலைவனைக் காப்போம் எனத் தோழியை விளிக்கும் பெண்ணின் கூற்று அது. செய்யவேண்டுவன எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவன் என்ன வேண்டுகின்றான் என்பதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் பேசவும் இல்லை. பாட்டின் அழகில் ஈடுபட்ட நாம் இவ்வமைதியை நெடுங்காலம் கவனியாது விட்டோம்.

எனவே மாணவர் வினவிய நிலைக்குத் துறை இல்லை என்பதே நேரிய விடை. காப்பவளுக்கு முடிக்கும் உரிமை இல்லை. முடிக்கும் உரிமை உடையவனுக்கு ஆற்றல் இல்லை. இவ்விடைவெளியிலேதான் இற்றை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு நிற்கின்றது.

வட சென்னையை அறிந்தோர்க்கு இவ்விடைவெளி எத்துணைப் பெரிதென்பது விளங்கும். இராயபுரம் பழைய சிறைச்சாலைச் சாலையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையின் தோற்றமே சுற்றம் அற்றோரை முன்னிட்டது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஊர்விட்டு வந்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தோடு தொடங்கியது அது. 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்று முதியோர் வழங்கும் பெயர் அவ்வரலாற்றைச் சுமப்பது. 1938-இல் மருத்துவக் கல்லூரியாகிய பின்னும், துறைமுகத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும், மணலி எண்ணூர்த் தொழிற்சாலைகளிற் கையிழந்து காலிழந்து வருவோரும் நாடும் இடம் அதுவே. கைக்கென்று தனியே ஓர் ஆராய்ச்சி மறுவாழ்வு நிலையம் இம்மருத்துவமனையில் எழுந்தமைக்கு இவ்வட்டாரத்தின் எந்திரங்களும் ஒரு காரணம் என்னலாம்.

இன்று இவ்வட்டாரத்திற் கட்டுமானப் பணி செய்வோர் பலர் வடகிழக்கிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர். 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்திற் சாரம் சரிந்து ஒன்பதின்மர் இறந்தபோது, அவருட் பெரும்பாலோர் அசாமியர் என்பதை நாடு அறிந்தது. இறந்தோரைப் பற்றி அன்று எழுதினர். அத்தகைய விபத்தில் ஒருவர் இறவாது, நினைவு மட்டும் இழந்து கிடப்பின், அவர் தலைமாட்டில் நின்று 'இவர் இதனை விரும்பார்' என்று சொல்லுதற்கு உரியவர் யாவர்? மனைவி ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அருகிருப்போர் ஒரே கொட்டகையில் உறங்கிய தோழரும், கூலி கணக்கெழுதும் மேஸ்திரியுமே. ஏமச் சுற்றம் இன்மை என்று தொல்காப்பியனார் கூறியது பழங்காலப் போர்க்களத்தோடு முடிந்துவிடவில்லை.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்குண்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, நாற்பத்தோராண்டுக்கும் மேலாக, அதே மருத்துவமனையிற் கிடந்தார். அவர்க்கு உணவூட்டுதலை நிறுத்த இசைவு வேண்டி எழுத்தாளர் பிங்கி விரானி 'நண்பர்' என்ற முறையில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 2011 மார்ச்சு 7-இல் வந்த தீர்ப்பு, அருணாவின் உண்மையான நண்பர் அவரல்லர். பல்லாண்டாக இரவும் பகலும் பேணிய மருத்துவமனைப் பணியாளரே நண்பர் எனக் கொண்டது. அவர்கள் அருணா வாழ வேண்டுமென்று கூறவே வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஆயினும் மீளா நிலையில் உயிர்தாங்கு மருத்துவத்தை நீக்குதல் உயர்நீதிமன்ற இசைவுடன் இயலும் என்ற கொள்கை அத்தீர்ப்பிலேயே ஏற்கப்பட்டது.

இத்தீர்ப்பைத் திறனாய்வாளன் கண்கொண்டு படித்தால் ஒன்று புலனாகும். குருதி உறவைவிடக் காவற் பணியே நண்பனை ஆக்குவது என்று நீதிமன்றம் கூறியது தொடாக்காஞ்சியின் நெறியோடு ஒத்தது. அதனை யான் முழுதும் உடன்படுகின்றேன். ஆனால் தொடாக்காஞ்சியின் குறையும் அதனோடு உடன் வந்துவிட்டது. காப்போர் எத்துணை அன்புடையர் என்று ஆராயப்பட்ட அளவிற்கு, காக்கப்படுபவர் என்ன விரும்பியிருப்பார் என்பது ஆராயப்படவில்லை. அரிசில்கிழார் பாட்டிற் பேசாத தலைவனைப்போல் அருணாவும் அத்தீர்ப்பிற் பேசாதிருக்கின்றார்.

2018 மார்ச்சு 9-இல் ஐவர் அமர்வு அளித்த தீர்ப்பே அவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. அறிவு தெளிந்திருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்கலாம். அதனை நிறைவேற்ற ஒருவரைக் குறிக்கலாம் என்று அது கூறிற்று. குற்றவியல் நடுவர் முன் கையொப்பமிட வேண்டும் என்ற கடுமையால் அது வழக்கில் வாராது நிற்க, 2023 சனவரியில் விதிகள் தளர்த்தப்பட்டன. இப்போது இரு சாட்சியரும், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரும் போதும். ஐந்தாண்டுக்குக் குறையாத பட்டறிவுடைய வல்லுநர் இருவர் அமர்ந்த முதற்குழு, மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் குறிக்கும் மருத்துவரை உட்கொண்ட இரண்டாங்குழு ஆகிய இரண்டும் கூடி, இயன்றவரை 48 மணி நேரத்துள் முடிவு கூற வேண்டும். எழுத்து இல்லாதவழி, நெருங்கிய உறவினர் அல்லது நண்பர் அல்லது காப்பாளர் எழுத்தில் இசைதல் வேண்டும்.

இவ்வேற்பாட்டை வழங்கும் தமிழ்ச் சொற்கள் குறித்துத் தமிழ்த்துறையார் வாளா இருத்தல் ஆகாது. நாளிதழ்கள் இதனைக் 'கருணைக்கொலை' என்கின்றன. அல்லது 'செயலற்ற கருணைக்கொலை' என்கின்றன. கொலை என்ற சொல்லைக் கேட்ட ஒரு மகன் தன் தந்தைக்கு அதனைச் செய்ய எவ்வாறு கையொப்பமிடுவான்? பயன் தராத கருவியை நீக்கி, நோய் தன்போக்கில் முடிய விடுதல் கொலை அன்று என்பதே தீர்ப்பின் கருத்து. மொழிபெயர்ப்போ தீர்ப்பிற்கு மாறான தீர்ப்பை முதற்சொல்லிலேயே வழங்கிவிடுகின்றது. 'வாழும் உயில்' என்பது இன்னொரு பிழை. உயில் சொத்தைப் பற்றியது என்றே மக்கள் அறிவர். அச்சொல் கேட்ட முதியோர் பங்காளிச் சண்டையை நினைப்பரேயன்றித் தம் மூச்சை நினையார். 'முன்விருப்ப மொழி' என்று யான் வழங்குவேன். இதனினும் நல்லது காண்பார் காண்க.

சொல்லைக் கடந்து செயலுக்கு வரின், நம் ஊர்களில் இம்முடிவு குழுவிலோ நீதிமன்றத்திலோ பெரும்பாலும் எடுக்கப்படுவதில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், 'வீட்டுக்கு அழைத்துப் போங்கள்' என்ற மூன்று சொற்களில் அது முடிந்துவிடுகின்றது. உறவினர் தம் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பர். நாள் ஒன்றுக்கு ஆகும் செலவே அம்முடிவைச் செய்தது என்பது இருசாராருக்கும் தெரியும், எவரும் சொல்லார்.

இதனை எண்ணுந்தோறும் திருக்குறள் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளும், அதற்குப் பரிமேலழகர் வரைந்த உரையும் என் நினைவில் எழும். வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து செய்வோன் என நாற்கூறாக்கினார். உறவினன் என்று ஒரு கூறு அங்கு இல்லை. உறவினன் உடனிருந்து செய்வானாயின் நான்காம் கூற்றில் அடங்குவான். செய்யானாயின் அவனுக்கு அங்கு இடமில்லை. பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றிற்கும் நந்நான்கு இயல்பு கூறுவார். உடனிருப்போனுக்கு நோயாளிமாட்டு அன்பை முதலில் வைத்தார். நோயாளிக்கு நோய்நிலை உணர்த்தலை ஓர் இயல்பாகக் கூறினார்; உணர்வே போயினான் நிலையை அவர் கூறவில்லை. அந்நோயாளிக்கு அவர் முதற்கண் வைத்த இயல்பு யாது? பொருளுடைமை. நூலாசிரியர் சொல்லாததை உரையாசிரியர் ஒளியாது சொன்னார். அவ்வுரையை நயமற்றது என்று ஒருகாலத்தில் கருதியவன் யான். எண்ணூர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் படும்பாட்டைக் கண்டபின் அக்கருத்தை விட்டேன்.

'குடும்பமே கூடி முடிவு செய்தல் நம் மரபு. தனியொருவன் விருப்பம் என்பது மேலை நாட்டுச் சரக்கு' என்று கூறுவார் உளர். மரபு இத்துணை ஒருமுகமானதன்று. தென்மாவட்டச் சிற்றூர் சிலவற்றில் முதியோர்க்குக் குளிர எண்ணெய் தேய்த்து நீராட்டி உயிர் போக்கும் தலைக்கூத்தல் வழக்கமும் குடும்பமே கூடி எடுக்கும் முடிவுதான். 2020-இல் வெளிவந்த 'பாரம்' திரைப்படம் எடுத்துக்கொண்ட பொருள் அது. அங்கும் அன்பு என்ற பெயராலேயே செயல் நிகழ்கின்றது. முதியவரைக் கேட்டார் எவரும் இலர்.

மற்றொரு மரபும் உண்டு. அதுவே என் வாதத்திற்கு உயிர்நிலை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தி யாவரும் அறிந்தது. தன் மக்களோடே போருக்கு எழுந்தவன் அவன். புல்லாற்றூர் எயிற்றியனார் இடைப்புகுந்து தடுத்தார். எனவே அவன் இறுதியில் அவன் மனத்தை அறிந்து பேசுதற்குரியவர் குருதி வழி வந்தோர் அல்லர். அவன் கேட்டது பிசிராந்தையாரை. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. பாண்டிநாட்டிலுள்ள புலவர் வருவாரோ என அருகிருந்தோர் ஐயுற்றனர். சோழனோ, நல்ல காலத்தில் வாராது நின்றாலும் அல்லற்காலத்தில் அவர் நில்லார் என உறுதி கூறி, அவர்க்கும் இடம் ஒழிக்கச் சொன்னான். அவர் வந்தார், பொத்தியார் வியந்தார்.

இந்நிகழ்ச்சியை நட்பிற்கு எடுத்துக்காட்டாகவே கூறி வந்துள்ளோம். யான் இதனை வேறொரு கோணத்திற் காண விரும்புகின்றேன். ஈண்டுச் சோழன் செய்தது யாது? அங்கு இல்லாத ஒருவர்க்காகப் பேசினான். தனக்கு வேண்டியது இது என்று சொல்லவில்லை. அவர் செய்வது இது என்று சொன்னான். நினைவிழந்தோன் படுக்கையருகே நிற்பவரிடம் நாம் கேட்க வேண்டுவதும் இவ்வொன்றே. 'நீ என்ன விரும்புகின்றாய்' என்று கேட்பது தவறான கேள்வி. 'அவர் பேசக்கூடுமாயின் என்ன சொல்வார்' என்பதே சரியான கேள்வி. முன்னதற்கு விடைகூற உறவு போதும். பின்னதற்குப் பழகிய அறிவு வேண்டும். மாணவர் வீட்டார் நால்வரும் நால்வேறு விடை கூறியதற்குக் காரணம், நால்வரிடமும் முதற்கேள்வியே கேட்கப்பட்டதுதான் என்று கருதுகின்றேன்.

அங்ஙனமாயின் முடிவு செய்யும் உரிமை என்று ஒன்று உறவினர்க்கு இல்லை; சான்று கூறும் உரிமையே உண்டு. மருத்துவர்க்கும் அவ்வாறே: மீட்சி உண்டா இல்லையா என்பதற்கு அவர் சான்று, மீளா உயிரை நீட்டுதல் தகுமா என்பதற்கு அவரினும் நோயாளியே சான்று. மறக்காஞ்சியில் தன் புண்ணைத் தான் கிழிப்பவன் உரிமை, நினைவிழந்தவுடன் வேறொருவர்க்குக் கைமாறிவிடுவதன்று. அது அவனிடமே இருக்கின்றது. அவன் முன்பு சொன்ன சொல்லிலும் வாழ்ந்த வாழ்விலும் இருக்கின்றது. பிறர் அதனைத் தேடி எடுத்துத் தருவோரே.

இதற்கு மாறாக வலுவான தடையொன்று கூறப்படலாம். முன்பு சொன்ன சொல்லுக்குச் சான்று கூறுவோர் பொய் கூறினால்? சொத்தின் பொருட்டு, அல்லது சுமை தாங்காது, தந்தை இவ்வாறு சொன்னார் என மகன் புனைந்தால்? எழுத்தும் அலுவலர் கையொப்பமும் வேண்டும் என்ற விதி இவ்வச்சத்தால் எழுந்தது, அச்சம் பொய்யன்று. தலைக்கூத்தல் நிகழும் நாட்டில் அதனை எளிதாகத் தள்ளல் ஆகாது. எனவே எழுத்து வேண்டாம் என்று யான் கூறேன். ஆனால் எழுத்தை மட்டும் சொல்லாகக் கொள்ளின், காசிமேட்டில் விடியற்காலை விசைப்படகு ஏறுவோனும் எண்ணூரிற் சாரம் ஏறுவோனும் சொல்லற்றவர் ஆகிவிடுவர். அவர்கள் சொன்னதில்லை என்பதன்று. திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் சொன்னார்கள். 'எனக்கு ஒன்று ஆனால் குழாயெல்லாம் செருகி வைக்காதீர்கள்' என்று பலர் கேட்கச் சொன்ன சொல், நோட்டரியின் முத்திரை இல்லாமையால் காற்றோடு போதல் முறையா? திருவொற்றியூர் மகிழமரத்தடியிற் சுந்தரர் சங்கிலியார்க்குச் செய்த சபதம் ஓலையில் எழுதப்பட்டதன்று. சேக்கிழார் அதனை மீறற்கரிய சொல்லாகவே காட்டினார். இரண்டு மூன்று பேர், ஒருவர்க்கொருவர் ஆதாயத் தொடர்பு இல்லாதவர், தனித்தனியே ஒரே செய்தி கூறுவராயின், மருத்துவக் குழு அதனைப் பதிந்து எடைபோடுதல் கூடாததன்று.

காப்பாளர் பற்றிய சட்டமும் முழுமை உடையதன்று. நினைவிழந்து கிடப்போர்க்குக் காப்பாளரை அமர்த்தத் தனிச் சட்டம் இல்லாத குறையை 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கிற் கண்டது. கணவர் நினைவின்றிக் கிடக்க, மருத்துவத்தின் பொருட்டு அவர் சொத்தை விற்க மனைவி இசைவு கேட்டார். தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்தை நாடச் சொன்னார். இருவர் அமர்வு அதனை மாற்றி, மனைவியையே காப்பாளராக ஏற்றது. தொடாக்காஞ்சி மனைவிக்கு மூவாயிரம் கல் அலையாமல் நீதி கிடைத்தது என மகிழலாம். மனைவி அருகில் இருந்தாள், கேட்டாள், கிடைத்தது.

அருகில் எவரும் இல்லாதார்க்கு? 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் இதற்கு ஒரு வரிசை வகுத்துள்ளது. நோயாளி தாமே குறித்தவர், அவரில்லையேல் உறவினர், பின்னர்ப் பேணுபவர், பின்னர் வாரியம் தகுதியுடையர் எனக் காண்பவர், எவரும் இல்லையேல் சமூக நலத்துறை இயக்குநர் என்பது அவ்வரிசை. பேணுபவர்க்கு அங்கே உறவினரை அடுத்த இடம் தனியே கிடைத்திருத்தல் காண்க. உயிர்தாங்கு மருத்துவத்தை நீக்குதல்பற்றிய 2023 விதிகளோ உறவினர், நண்பர், காப்பாளர் என மூன்று பெயரைக் கூறி நிற்கின்றன. நண்பர் என்பார் யாவர் என வகுத்துரைக்கவில்லை. ஒரே கொட்டகையில் நான்காண்டு உறங்கியவர் நண்பரா? ஒரே படகில் வலை இழுத்தவர் நண்பரா? அருணா வழக்கின் நெறியைக் கொண்டால் ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மேஸ்திரி? கூலி கொடுப்பவனும் இழப்பீடு கொடுக்க வேண்டியவனும் ஆகிய ஒருவன் நண்பர் என்ற பெயரிற் கையொப்பமிடுதலை எவ்வாற்றானும் ஏற்றல் ஆகாது. ஐயனாரிதனார் காக்கும் பேயையும் அச்சுறுத்தும் பேயையும் பிரித்ததன் தேவை இங்குத்தான் விளங்குகின்றது. இரண்டும் படுக்கையருகே ஒரே தோற்றத்தோடு வந்து நிற்கும்.

திருவொற்றியூர்க் கடற்கரையிற் பட்டினத்தார் அடங்கிய இடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. எல்லாந் துறந்தும் தாயின் ஈமக்கடனை மட்டும் துறவாதவர் அவர் என வரலாறு கூறும். எங்கிருப்பினும் அந்நாளில் வருவேன் எனத் தாய்க்குச் சொன்ன சொல்லைக் காத்தார். ஆனால் அவர்தம் இறுதியில் உறவினர் ஒருவரும் இலர். மணலில் விளையாடிய சிறுவரை அழைத்துத் தம்மைக் கவித்து மூடச் சொன்னார் என்பது செவிவழிச் செய்தி. அச்சிறுவர் அவர்க்கு யாதுமாகார். அவர் சொன்னதைக் கேட்டார்கள், சொன்னபடி செய்தார்கள்.